வேலூர் மாடியிலிருந்து இரண்டு நெபுலாக்கள்: குறும்பட்டை வடிகட்டி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூர் நகருக்குள், நான்கு பக்கமும் தெருவிளக்கு எரியும் ஒரு வீட்டு மொட்டைமாடியிலிருந்து, விண்வெளியின் வாயு முகில்களான நெபுலாக்களைப் படமெடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, குறும்பட்டை வடிகட்டி இருந்தால் முடியும் என்று இப்போது உறுதியாகச் சொல்லலாம். நேரோபேண்ட் ஃபில்டர் என்று கேட்டு வாங்கப்படும் இந்த வடிகட்டி, விளக்கொளியின் பெரும்பகுதியைத் தடுத்து, நெபுலா உமிழும் ஒளியைக் கேமராவுக்குள் விடுகிறது. ஆனால் அதைப் பொருத்திய பிறகு படத்தின் தரத்தை முடிவு செய்வது விளக்குகளைவிடக் கேமரா உணரியின் (சென்சார்) வெப்பநிலையே என்பதும், வேலூர் போன்ற வெக்கை மிகுந்த ஊரில் அதைப் புறக்கணிக்க இயலாது என்பதும் இந்த ஆய்வில் தெளிவாயின. சத்துவாச்சாரியில் ஒரே மாடியில், ஒரே தொலைநோக்கியும் ஒரே வடிகட்டியும் கொண்டு, தை, மாசி மாதங்களில் ரோசெட் நெபுலாவையும், சித்திரை, வைகாசியில் கழுகு நெபுலாவையும் எடுத்த படங்களை ஒப்பிட்டு இதை எழுதுகிறேன்.

இடமும் இலக்கும்

வேலூர் ஏறத்தாழ 12.9 பாகை வட அட்சரேகையில் உள்ளது. நகரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகல் முழுவதும் வெயிலை வாங்கி இரவில் வெப்பமாக வெளிவிடுகின்றன. சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையின் விளக்குகள், கடைவீதிகள், மருத்துவமனை, கல்லூரி வளாகங்கள் ஆகியவற்றின் ஒளி சேர்ந்து, எங்கள் மாடியிலிருந்து பால்வழி மண்டலம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வானத்தை வெளுக்கச் செய்கிறது. ஜான் போர்ட்டில் 2001இல் வகுத்த வான இருளின் ஒன்பது படிநிலை அளவுகோலில் (ஒன்று மிக இருண்ட வானம், ஒன்பது மிக வெளுத்த வானம்) இந்த வானத்தை நான் ஏழாம் படியில் வைப்பேன்.

ரோசெட் நெபுலா, திருவாதிரை விண்மீனுக்குக் கிழக்கே பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில், மோனோசெரஸ் விண்மீன் குழுவில் இருக்கிறது. பூமியிலிருந்து அதன் தொலைவு ஏறத்தாழ 5,000 ஒளியாண்டுகள். வானத்தில் அது முழுநிலவின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாக விரிந்திருக்கிறது. அதன் நடுவே உள்ள, என்ஜிசி என்ற வான்பொருள் பட்டியலில் 2244 எண் பெற்ற விண்மீன் கூட்டத்தின் வெப்பமிக்க இளம் விண்மீன்கள் சுற்றியுள்ள வாயுவை அயனியாக்கி ஒளிரச் செய்கின்றன. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் இலக்கு இல்லை என்பது என் கருத்து. வானத்தில் அதன் நடுவரை விலக்கம், அதாவது வான நடுவரையிலிருந்து அதன் தொலைவு, வடக்கே 5 பாகை என்பதால், உச்சம் கடக்கும்போது நம் தலைக்கு நேர்மேலே இருந்து எட்டுப் பாகை மட்டுமே விலகி நிற்கிறது. அந்த உயரத்தில் ஒளி கடந்து வரவேண்டிய காற்றுப் படலம் மிகக் குறைவு. நகர ஒளிப்படலமும் அடிவானத்தைவிட அங்கே மிக மெலிதாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை விலகிய பிறகு வானம் தெளிவடைவதும், பிப்ரவரி முதல் வாரத்தில் இரவு பத்து மணிக்குச் சற்று முன்பே இந்த நெபுலா உச்சத்துக்கு வருவதும் கூடுதல் வசதிகள். போகிப் பண்டிகையை ஒட்டிய இரவுகளைத் தவிர்த்துவிட வேண்டும். காற்றில் தங்கும் புகை நகர வெளிச்சத்தை மீண்டும் கீழே சிதறடிக்கிறது.

வடிகட்டி எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது

விண்மீனின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருக்கும் தொடர் நிறமாலை. அயனியான வாயு முகிலின் ஒளியோ சில குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் கோடுகளாகக் குவிந்திருக்கும். ஹைட்ரஜன்-ஆல்ஃபா கோடு 656.3 நானோமீட்டரிலும், இருமுறை அயனியான ஆக்சிஜனின் கோடுகள் 495.9, 500.7 நானோமீட்டரிலும், அயனியான கந்தகத்தின் கோடுகள் 671.6, 673.1 நானோமீட்டரிலும் இருக்கின்றன. இதில் ஆக்சிஜன் கோடுகளின் வரலாறு தனிச்சிறப்புடையது. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ், என்ஜிசி 6543 என்ற நெபுலாவின் நிறமாலையில் இந்தப் பச்சைக் கோடுகளைக் கண்டார்; பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் அவை பொருந்தாததால், நெபுலியம் என்ற புதிய தனிமம் இருக்கக்கூடும் என்று அறிவியலாளர்கள் கருதினர். அவை ஆக்சிஜனின் கோடுகளே என்றும், ஆய்வகத்தில் எட்ட இயலாத அளவுக்கு வாயு மெலிந்திருக்கும் இடத்தில்தான் அவை இத்தனை வலுவாகத் தோன்றும் என்றும் 1927இல் ஐரா போவன் விளக்கினார்.

நாங்கள் பயன்படுத்தியது இரட்டைப் பட்டை வடிகட்டி. ஹைட்ரஜன்-ஆல்ஃபாவைச் சுற்றி 7 நானோமீட்டரும், 500.7ஐச் சுற்றி 7 நானோமீட்டரும் தவிர மற்ற ஒளியை அது அநேகமாக முழுவதும் தடுத்துவிடும். வண்ணக் கேமராவுக்கு இது ஏற்றது. சிவப்புப் படப்புள்ளிகள் ஹைட்ரஜனையும், பச்சை, நீலப் படப்புள்ளிகள் ஆக்சிஜனையும் வாங்கிக்கொள்வதால், ஒரே இரவில் இரண்டு வாயுக்களின் தரவும் சேர்ந்து கிடைக்கிறது. சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் உள்ளே உணரிக்கு முன்பு இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளியின் பெரும்பகுதியையும் சேர்த்து விழுங்கிவிடும். எனவே அந்தத் தடுப்பை மாற்றியமைத்த கேமராவையே கொண்டோம்.

இந்த வடிகட்டியின் பயனை 400 முதல் 700 வரையுள்ள 300 நானோமீட்டரோடு ஒப்பிட்டு, நாற்பது மடங்கு ஒளி குறைகிறது என்று விளம்பரப்படுத்துவதை நான் ஏற்பதில்லை. வண்ணக் கேமராவில் ஒவ்வொரு படப்புள்ளியின் மேலும் ஏற்கனவே ஒரு நிற வடிகட்டி இருக்கிறது. சிவப்புப் புள்ளி ஏறத்தாழ 100 நானோமீட்டர் அகலமுள்ள ஒளியை மட்டுமே வாங்குகிறது. அதை 7ஆகக் குறைத்தால் வான ஒளி ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்காகிறது, நெபுலாவின் கோட்டு ஒளியோ அநேகமாக அப்படியே நிற்கிறது. வான ஒளியின் இரைச்சல், அதாவது படத்தில் மணல்போலத் தெரியும் தற்செயலான ஏற்ற இறக்கம், அந்த ஒளியின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இருப்பதால், சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 3.7 மடங்கு உயர்கிறது. வேறு விதமாகச் சொன்னால், வடிகட்டி இல்லாமல் அதே தரத்தைப் பெற பதினான்கு மடங்கு நேரம் வெளிச்சம் வாங்க வேண்டும். நாற்பது என்ற எண்ணுக்குக் குறைவு என்றாலும், ஒரு மணி நேரப் படமும் பதினான்கு மணி நேரப் படமும் சமம் என்பது ஒரு அமெச்சூரின் குளிர்காலத்தையே மாற்றிவிடக் கூடியது.

நகர விளக்குக்கான வடிகட்டி என்ற பெயரில் விற்கப்படும் அகலப்பட்டை வடிகட்டிகளையும் நண்பர்களிடம் கேட்டு வாங்கிப் பொருத்திப் பார்த்தோம். அவை சோடியம், பாதரச விளக்குகளின் காலத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. பாதரச விளக்கு 435.8, 546.1, 577, 579 நானோமீட்டர் கோடுகளிலும், சோடியம் விளக்கு 589 நானோமீட்டரைச் சுற்றியும் மிகுதியாக ஒளி வீசியதால், அந்தப் பகுதிகளை மட்டும் வெட்டினால் வானம் இருண்டது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கு 450 நானோமீட்டர் அருகே ஒரு நீல முகட்டையும், 500 முதல் 650க்கு மேல் வரை பரந்த மஞ்சள் மேட்டையும் கொண்டிருக்கிறது. வெட்டியெடுக்கத் தனிக் கோடு எதுவும் அதில் இல்லை. எங்கள் தெருவில் எல்.இ.டி. வந்த பிறகு அகலப்பட்டை வடிகட்டி கொண்டு எடுத்த படத்துக்கும் வெறும் கேமராவில் எடுத்த படத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்துக் குறும்பட்டை வடிகட்டியையே வாங்குவது நல்லது.

ரோசெட்: மாடியில் நடந்தது

80 மில்லிமீட்டர் திறப்பும் 400 மில்லிமீட்டர் குவியத் தூரமும் உள்ள ஒளிவிலகு தொலைநோக்கி, அதாவது எஃப்/5 வேகம் (குவியத் தூரத்தைத் திறப்பால் வகுத்த எண்; எண் சிறிதானால் வேகம் அதிகம்) உள்ளது, பயன்படுத்தப்பட்டது. இந்த வேகத்தைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. எங்களுடையது போன்ற குறுக்கீட்டு வடிகட்டியின் மீது ஒளி சாய்வாக விழுந்தால், அது அனுமதிக்கும் அலைநீளம் நீலப் பக்கமாக நகர்கிறது. எஃப்/5இல் விளிம்புக் கதிர்களுக்கு அந்த நகர்வு ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. எஃப்/2 கேமரா லென்ஸில் அது ஏறத்தாழ 5 நானோமீட்டர். 7 நானோமீட்டர் பட்டையின் நடுவில் இருந்த ஹைட்ரஜன் கோடு அந்தக் கதிர்களுக்குப் பட்டைக்கு வெளியே போய்விடுகிறது. வேகமான லென்ஸ் வைத்திருப்பவர்கள் எஃப்/4 வரை மூடிக்கொண்டால் நகர்வு 1.3 நானோமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும்.

வடிகட்டி இல்லாமல் சில பத்து வினாடிகளிலேயே வானம் வெளுத்துப்போகும் மாடியில், வடிகட்டியுடன் 300 வினாடி வரை ஒரே படமாக எடுக்க முடிந்தது, எடுக்கவும் வேண்டியிருந்தது. வான ஒளி இவ்வளவு குறைந்தபின் குறுகிய நேரப் படங்களில் உணரியிலிருந்து தரவைப் படிக்கும்போது சேரும் வாசிப்பு இரைச்சல் மேலோங்கிவிடுகிறது. ஐந்து நிமிடம் அசையாமல் பின்தொடர வேண்டும் என்றால், தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் அச்சு வான வட துருவத்தை நோக்கித் துல்லியமாக இருக்க வேண்டும். வேலூரில் துருவ விண்மீன் வடக்கு அடிவானத்துக்கு மேல் 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. மாடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, குன்று, புழுதி ஏதாவது ஒன்று அதை மறைத்துவிடும். வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்வதுபோல் துருவத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துச் சரிசெய்வது எங்களுக்கு உதவவில்லை. வானத்தின் மூன்று இடங்களைப் படமெடுத்து, அவற்றிலுள்ள விண்மீன்களை மென்பொருளே அடையாளம் கண்டு அச்சின் பிழையைச் சொல்லும் முறையே உதவியது. மவுண்ட் வாங்குபவர்கள் 13 பாகைக்கு அது தாழுமா, தாழ்த்தும்போது எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் மோதாமல் இருக்குமா என்று கடையிலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

படங்களை அடுக்கிச் சேர்த்து, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் வசதி சிரில் என்ற இலவச மென்பொருளில் இருக்கிறது. ஹைட்ரஜன் படத்தில் ரோசெட்டின் இதழ்களும், அவற்றின் மேல் கரிய தூசிக் கொத்துகளும் தெளிவாக வந்தன. ஆக்சிஜன் படத்தில் நடுக்குழியைச் சுற்றிய ஒளி மட்டும், இரைச்சல் மிகுந்து வந்தது. இந்த வேறுபாட்டுக்கு நெபுலாவின் இயல்பும் ஒரு காரணம். நிலவும் ஒரு காரணம். நிலவொளி சூரிய ஒளியின் எதிரொளிப்பு. காற்றில் சிதறும்போது அதன் நீலப்பகுதி மிகுதியாகச் சிதறுகிறது. ஆகவே 500.7 நானோமீட்டரில் நிலவு செய்யும் அளவுக்குத் தொல்லை 656.3இல் இல்லை. வளர்பிறையில் ஹைட்ரஜனுக்கும், தேய்பிறைக் கடைசி நாட்களிலும் அமாவாசையை ஒட்டியும் ஆக்சிஜனுக்கும் நேரம் ஒதுக்குவது என்று பின்னர் பிரித்துக்கொண்டோம். ஆக்சிஜன் படம் கண்கூடாகத் தேறியது.

கழுகு நெபுலாவும் கோடை இரவும்

கழுகு நெபுலா உச்சம் கடக்கும்போது எங்கள் மாடியிலிருந்து 63 பாகை உயரத்தில் நிற்கிறது. மே மாத நடுவில் அது விடியற்காலை 3 மணியளவில் நிகழ்கிறது. தென்மேற்குப் பருவ மேகங்கள் வருவதற்கு முன்பு இதைப் படமெடுக்கக் கிடைக்கும் காலம் சித்திரையும் வைகாசியின் முற்பகுதியும்தான். ஜனவரியில் பயன்படுத்திய அதே கேமராவை, அதே வடிகட்டியை, அதே 300 வினாடியை வைத்துக்கொண்டோம். கிடைத்த படத்தின் மங்கலான ஓரங்கள் முழுவதும் மணல் தூவியதுபோல் இருந்தன. கேமராவின் உரிமையாளரான காட்பாடிக் கல்லூரி மாணவர், "அண்ணா, ஃபில்டர் அதேதான், தெருவிளக்கும் அதேதான். தை மாசம் வந்தது இப்போ ஏன் வரலை?" என்று கேட்டார். இந்த ஆய்வின் மையக் கேள்வி அதுவே.

உணரியில் ஒளி விழாவிட்டாலும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் உருவாகின்றன. இந்த இருள் மின்னோட்டம் ஏறத்தாழ ஒவ்வொரு 6 பாகை செல்சியஸ் உயர்வுக்கும் இரட்டிப்பாகிறது. தை மாத இரவில் காற்று 20 பாகை இருக்கும்போது, தொடர்ந்து இயங்கும் கேமராவின் உணரி 30 பாகை அளவில் இருக்கும் என்று கொள்வோம். சித்திரையில் பகலில் 40 பாகையைத் தொட்ட ஊரில், மொட்டைமாடித் தளம் நள்ளிரவிலும் காலைச் சுடும்போது, அதே உணரி 40 பாகையில் இருக்கும். அந்தப் பத்துப் பாகை வேறுபாடே இருள் மின்னோட்டத்தை மூன்று மடங்குக்கு மேல் உயர்த்திவிடுகிறது. ஊர்வல மேளம் ஓய்ந்த பிறகே வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் காதில் விழுவதுபோல், வடிகட்டி இல்லாத காலத்தில் விளக்கொளியின் இரைச்சலுக்கு அடியில் மறைந்திருந்த வெப்ப இரைச்சல், வடிகட்டி வந்து விளக்கொளியை அடக்கிய பிறகு முன்னே வந்து நிற்கிறது. வடிகட்டி நன்றாக வேலை செய்ததனாலேயே வெப்பம் வெளிப்பட்டது.

லென்ஸை மூடி எடுக்கும் இருள் படங்களைக் கழித்தால் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். கழிப்பதால் நீங்குவது நிலையான தடம் மட்டுமே, அதாவது சூடான படப்புள்ளிகள், ஓரத்து ஒளிர்வு போன்றவை. இருள் மின்னோட்டத்தின் தற்செயலான ஏற்ற இறக்கம் கழித்த பிறகும் படத்திலேயே தங்குகிறது. மேலும், குளிரூட்டாத கேமராவில் முன்னிரவு வெப்பமும் விடியற்கால வெப்பமும் வேறு வேறு என்பதால், கழிக்க வேண்டிய இருள் படமே பொருந்தாமல் போகிறது. ஒவ்வொரு படத்துக்கும் இடையே தொலைநோக்கியைச் சில படப்புள்ளிகள் நகர்த்தி எடுப்பது இதற்குப் பகுதி நிவாரணம் தருகிறது. முழு நிவாரணம் தரவில்லை.

பின்னர், மின்குளிரூட்டி உள்ள, சோனி ஐஎம்எக்ஸ் 533 உணரி கொண்ட ஒரு வண்ணக் கேமராவை இரவல் வாங்கிப் பொருத்தினோம். இவ்வகைக் கேமராக்கள் சுற்றுப்புறத்தைவிட 35 பாகை வரை உணரியைக் குளிர்விக்கக் கூடியவை. 30 பாகைக் காற்றில் பூஜ்யம் பாகையை எளிதாகத் தக்கவைத்தது. 40இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கினால் இருள் மின்னோட்டம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகும் என்பது மேலே சொன்ன விதியின்படி வரும் கணக்கு. அது வேறு உணரி என்பதால் முன்னேற்றம் முழுவதையும் குளிர்ச்சியின் கணக்கில் எழுத முடியாது. ஆயினும் மணல் தூவல் மறைந்தது, கழுகின் சிறகுகளைச் சூழ்ந்த மங்கலான ஹைட்ரஜன் ஒளி ஓரம் வரை தொடர்ந்து தெரிந்தது. குளிரூட்டி கூடுதல் மின்சாரம் கேட்கும்; கோடையில் கரண்ட் போகும் இரவுகளை எண்ணி ஒரு 12 வோல்ட் பேட்டரியைத் தயாராக வைத்திருப்பது அவசியம்.

வடிகட்டி உதவாத இடங்கள்

கார்த்திகை விண்மீன் கூட்டத்தைச் சூழ்ந்த நீல நெபுலா, விண்மீன் ஒளியைத் தூசி எதிரொளிப்பதால் தெரிவது. அதன் நிறமாலை தொடர்ச்சியானது. குறும்பட்டை வடிகட்டி விளக்கொளியை வெட்டும் அதே அளவில் அதையும் வெட்டிவிடும். விண்மீன் திரள்களுக்கும் (கேலக்சி) பெரும்பாலும் இதே நிலைதான். இவற்றுக்கு நகரை விட்டு வெளியேறுவதைத் தவிர வழியில்லை. நல்லவேளையாக, நம் பக்கத்தில் ஜவ்வாது மலை இருக்கிறது. அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த, இன்று திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த காவலூரை வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்ததும், அங்கே 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியும், 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கியும் செயல்படத் தொடங்கியதும் அந்த மலையின் இருளை நம்பித்தான். அந்த இருள் வடிகட்டியால் ஈடுசெய்ய முடியாத செல்வம். மலையடிவார ஊர்களில் மேல்நோக்கி ஒளி வீசும் ஒவ்வொரு விளக்கையும் கீழ்நோக்கித் திருப்பும் முயற்சிக்கு அமெச்சூர்கள் குரல் கொடுக்க வேண்டும்.

தெற்கே தாழ்ந்து நிற்கும் கரீனா நெபுலாவையும் முயன்று பார்த்தோம். உச்சத்திலும் அது 17 பாகை உயரம்தான். நேர்மேலே உள்ளதைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து வருகிறது. வடிகட்டி அங்கே நகர ஒளியைக் குறைத்தது. காற்று உறிஞ்சிய நெபுலா ஒளியைத் திருப்பித் தர அதனால் இயலாது. ஹைட்ரஜன் ஓரளவு தேறியது, ஆக்சிஜன் தேறவில்லை.

அடுத்து செய்து பார்க்க இருப்பது 3 நானோமீட்டர் வடிகட்டி. உயர் அழுத்தச் சோடியம் விளக்குக்கு 498 நானோமீட்டர் அருகே வலுவான கோடு ஒன்று உண்டு. 500.7ஐ மையமாகக் கொண்ட 7 நானோமீட்டர் பட்டை 497.2இல் தொடங்குவதால் அந்தக் கோடு உள்ளே நுழைந்துவிடுகிறது; 3 நானோமீட்டர் பட்டை 499.2இல் தொடங்குவதால் அது வெளியே நிற்கும். மஞ்சள் விளக்குகள் இன்னும் மீந்திருக்கும் திசையில் எங்கள் ஆக்சிஜன் படம் கெடுவதற்கு இது காரணமா என்பதை, ஆக்சிஜன் ஒளி மிகுந்த என்ஜிசி 2359 நெபுலாவை வரும் மாசியில் அமாவாசையை ஒட்டிய இரவுகளில் இரண்டு வடிகட்டிகளிலும் மாறி மாறி எடுத்துச் சோதிக்க இருக்கிறோம்.